வாய் திறவாத ஊர்

உரோமையிலிருந்து புறப்பட்ட பேருந்து மூன்று மணி நேரம் போல ஓடியிருக்கும். ஐந்தாம் காரணிக்கம் முடிந்து மன்றாட்டு மாலை தொடங்கும் வேளையில் ஓட்டுநர் ஒன்றும் பேசாமல் கையை நீட்டிக் காட்டினார். சுபாசியோ மலைச் சரிவில், வெண்மையும் இளஞ்சிவப்பும் கலந்த கல்லால் கட்டப்பட்ட ஊர் ஒன்று மாலை வெயிலில் சாய்ந்து கிடந்தது. அதுதான் அசிசி. மன்றாட்டு மாலை அங்கேயே நின்றது.

நாங்கள் பதினெட்டுப் பேர். எல்லாரும் ஒரே பங்கினர். அவருள் பாதிப் பேர் ஒரே தெருவினர். சென்னை விமான நிலையத்தில் தொடங்கிய பேச்சு இன்னும் ஓயவில்லை. யார் வீட்டுப் பெண்ணுக்கு எங்கே வரன் பார்க்கிறார்கள், யார் மகன் துபாயிலிருந்து ஏன் திரும்பி வந்தான் என்ற செய்திகளெல்லாம் கடல் கடந்து எங்களோடு வந்திருந்தன. கொண்டுவந்த புளியோதரை உரோமையிலேயே தீர்ந்துவிட்டது, இது தீரவில்லை.

புனித பிரான்சிஸ் அசிசியாரின் ஊரைப் பற்றி இத்தகைய ஏடுகளில் வாசகர் பலமுறை படித்திருப்பர். 1226-ஆம் ஆண்டு இறந்த அந்த ஏழையின் கல்லறை, 1228-இல் அடிக்கல் நாட்டப்பட்ட பேராலயம், புனித கிளாராவின் கோயிலில் தொங்கும் சான் தமியானோ பாடுபட்ட சுரூபம், சமவெளியில் பெரிய ஆலயத்துக்குள் அடங்கி நிற்கும் போர்சியுங்குலாச் சிற்றாலயம் ஆகிய யாவற்றையும் நாங்களும் கண்டோம், முழந்தாளிட்டோம், படம் எடுத்துக்கொண்டோம். அவற்றை மறுபடியும் விவரித்து நேரம் போக்க விரும்பவில்லை. நாங்கள் சொல்ல வந்தது வேறு.

அசிசியின் தெருக்கள் குறுகலானவை. எதிரெதிர் வீட்டுச் சன்னல்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே நிற்கின்றன. ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் கேட்கும். வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்திருக்கும் மூதாட்டியின் கண்ணுக்குத் தப்பி ஒரு பூனைகூடப் போக முடியாது. எங்களோடு வந்த பெரியம்மா, மேட்டுத்தெரு ஒன்றில் மூச்சு வாங்க நின்றபோது சுற்றிலும் பார்த்துவிட்டு, “நம்ம தெரு மாதிரியே இருக்கு” என்றார். அவர் சொன்னது கட்டடத்தைப் பற்றியன்று என்பது எங்களுக்குப் புரிந்தது.

இப்படிப்பட்ட ஊரில் இரகசியம் என்று ஒன்று இருக்க முடியுமா? இருந்தது. ஓரிரு நாள் அல்ல, ஒன்பது மாதங்கள் இருந்தது.

எங்களுக்கு வழிகாட்டியாக வாய்த்தவர் தூத்துக்குடிப் பக்கத்தில் பிறந்து, இத்தாலியில் நெடுங்காலம் பணியாற்றும் அருட்கன்னியர் ஒருவர். மறுநாள் காலை அவர் எங்களைப் புனித மரியா மஜ்ஜோரே கோயிலுக்கு அழைத்துச் சென்றார். 2025-ஆம் ஆண்டு புனிதராக உயர்த்தப்பட்ட இளைஞர் கார்லோ அக்குத்திஸ் அங்கேதான் துயில்கிறார். எங்கள் கூட்டத்துப் பிள்ளைகள் கண்ணாடிக்கு முன்னே நகராமல் நின்றனர். பிரான்சிஸ் தம் உடைகளைக் களைந்து தந்தையின் காலடியில் வைத்து, ஆயரின் மேற்போர்வைக்குள் அடைக்கலமானதும் இவ்விடத்தில்தான் என்பர். கோயிலை ஒட்டி நிற்பது ஆயர் இல்லம். அக்குத்திஸைக் காண வருவோரில் பலர் அவ்வில்லத்தைத் திரும்பிப் பாராமல் போய்விடுகின்றனர். “இங்கேயும் ஒரு போர்வைக் கதை இருக்கிறது, வாருங்கள்” என்றார் சிஸ்டர்.

உள்ளே ஒரு சிறு காட்சியகம். 1943, 1944 ஆகிய இரண்டு ஆண்டுகளின் நினைவுக்காக அமைந்தது. புகைப்படங்கள், கடிதங்கள், அடையாள அட்டைகள். அவற்றின் நடுவே பழைய அச்சு இயந்திரம் ஒன்று. நம் ஊர்களில் திருமண அழைப்பும் திருவிழா நோட்டீசும் அடிக்கும் சிற்றச்சகங்களில் முன்பு இருந்தது போன்றது. அதன் முன்னே நின்றுகொண்டு சிஸ்டர் சொன்னதையும், பின்னர் நாங்கள் தேடிப் படித்ததையும் சேர்த்து இங்கே தருகிறோம்.

1943 செப்டம்பர் 8-ஆம் நாள் இத்தாலி நேச நாடுகளோடு போர் நிறுத்தம் செய்துகொண்டதாக அறிவித்தது. உடனே செருமானியப் படைகள் நாட்டின் வடபாகத்தையும் நடுப்பாகத்தையும் கைப்பற்றின. இத்தாலியில் யூதருக்கு எதிரான சட்டங்கள் 1938-ஆம் ஆண்டு முதலே இருந்தன. பள்ளியிலிருந்தும் பதவியிலிருந்தும் அவர்களை விலக்கியவை அவை. ஞானஸ்நானம் பெற்ற மக்கள் வாழும் நாடு இயற்றிய சட்டங்கள் என்பதை நாம் மறைக்கத் தேவையில்லை. இப்போது வந்ததோ உயிருக்கே உலை. அவ்வாண்டு அக்டோபர் 16-ஆம் நாள், திருத்தந்தையின் நகரமாகிய உரோமையிலேயே, ஆயிரத்துக்கும் மேற்பட்ட யூதர் வீடு வீடாகப் பிடிக்கப்பட்டு ஆஷ்விட்ஸ் முகாமுக்கு இரயிலேற்றப்பட்டனர். திரும்பி வந்தோர் 16 பேர். நவம்பர் இறுதியில், செருமானியருக்கு அடங்கிய இத்தாலிய அரசும் எல்லா யூதரையும் கைது செய்யுமாறு கட்டளையிட்டது.

அசிசியில் அக்காலத்தில் யூதக் குடியிருப்பு இல்லை. ஆனால் போருக்கு அஞ்சி ஊர்விட்டு ஊர் ஓடி வந்தோர் அங்கே வந்து குவிந்தனர். அந்தக் கூட்டத்தில் கலந்து யூதரும் வந்தனர். பதுவை அந்தோனியாரின் நகரிலிருந்து பேராசிரியர் ஒருவர் மனைவியோடும் இரு பெண்மக்களோடும் வந்தார். அயல்நாட்டார் சிலர் வந்தனர். அவர்களுக்கு இத்தாலிய மொழிகூடச் சரியாக வராது.

ஆயராக இருந்தவர் ஜுசெப்பே பிளாசிதோ நிக்கோலினி. பெனடிக்ட் சபைத் துறவி. அப்போது 66 வயது. செப்டம்பரில் குருக்களின் மாதக் கூட்டம் முடிந்து எல்லாரும் கலைந்தபோது, ஆல்தோ புருனாச்சி என்னும் 29 வயதுக் குருவைத் தனியே அழைத்தார். துன்புறுத்தப்படுவோருக்கு, சிறப்பாக யூதருக்கு, உதவ வேண்டும். மற்றக் குருக்களுக்குக்கூடத் தெரியலாகாது என்றார். உரோமையிலிருந்து வந்த கடிதம் ஒன்றை அவர் காட்டியதாகப் புருனாச்சி பிற்காலத்தில் சொன்னார். அக்கடிதம் இன்றுவரை கிடைக்கவில்லை. அதில் என்ன இருந்தது, யார் கட்டளை அது என்று வரலாற்றாசிரியர் இன்னும் வாதிடுகின்றனர். அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நாங்கள் தகுதியற்றவர்கள். கடிதம் எதுவாயினும், கதவைத் திறந்தவை அசிசியின் கைகளே.

முதலில் திறக்க வேண்டியிருந்த கதவு, திறக்கவே கூடாத கதவு. கிளாராவின் சபைக் கன்னியர் வாழும் மடங்களில் வெளியார் காலடி வைக்கக் கூடாது. அதிலும் ஆண்கள் அறவே கூடாது. நூற்றாண்டுகளாகக் காத்த ஒழுங்கு அது. புனித குயிரிக்கோ மடத்தின் தலைவி அன்னை ஜுசெப்பீனா பிவீலியா தயங்கினார் என்று சொல்லப்படுகிறது. தயங்காதிருந்தால்தான் வியப்பு. ஒழுங்கை இலேசாக மீறுகிறவர்கள் இரகசியத்தையும் இலேசாக மீறிவிடுவர் அன்றோ! ஆயர் அனுமதி தந்தார், கதவு திறந்தது. விருந்தினர் அறைகளில் மட்டுமல்ல, தேவை வந்தபோது மடத்தின் உட்புறத்திலும் குடும்பங்கள் வைக்கப்பட்டன. மற்ற மடங்களும் அவ்வாறே செய்தன.

ஊருக்குக் கீழே ஒலிவத் தோப்புகளின் நடுவே இருக்கும் சான் தமியானோ மடத்தின் தலைவர் அருட்தந்தை ரூஃபினோ நிக்காச்சி. அகதிகளை வரவேற்கவும், இடம் மாற்றவும், காகிதம் தேடவும் ஓடியாடியவர் அவர். காகிதம் என்றதும் அந்த அச்சு இயந்திரத்துக்கு வருகிறோம்.

புனித கிளாரா கோயில் முற்றத்தருகே லூயிஜி பிரீட்சி என்பவர் அச்சகமும், யாத்திரிகருக்கு நினைவுப் பொருள் விற்கும் கடையும் வைத்திருந்தார். கோயிலுக்கு அதிகம் போகாத மனிதர் என்று பெயர். சாமியாரோடு பலகையில் காய் நகர்த்தி ஆடுவாராம். ஆட்டத்தின் நடுவே வாக்குவாதமும் நடக்குமாம். அவரிடம்தான் போய்க் கேட்டார்கள், பொய்யான அடையாள அட்டை அடித்துத் தரும்படி. பிடிபட்டால் சாவு என்று தெரிந்தே ஒப்புக்கொண்டார். மகன் திரெந்தோவை இதில் இழுக்க அவருக்கு மனமில்லை. மகன் தானாகவே வந்து சேர்ந்தான். கடையை மூடிய பின், காலால் மிதித்து ஓட்டும் அந்த இயந்திரம் இரவில் ஓடிற்று. நகரசபை முத்திரைகளையும் அவர்களே செய்துகொண்டனர்.

அட்டையில் எந்த ஊர்ப் பெயரைப் போடுவது? லெச்சே, ஃபோஜா, கசெர்த்தா என்று தென்னாட்டு ஊர்களைப் போட்டார்கள். அவ்வூர்கள் அதற்குள் நேச நாட்டுப் படைகளின் கையில் வந்துவிட்டதால், செருமானியரோ அவர்களுடைய போலீசாரோ அங்கே விசாரித்து உண்மை காண வழியில்லை. பதுவைப் பேராசிரியரின் குடும்பம் லெச்சே ஊராராயிற்று. காணாத அந்த ஊரின் செய்திகளை அக்குடும்பம் பாடம் போலப் படித்துக்கொண்டது. பிறந்த ஊரை மறந்து பிறவாத ஊரை நினைவில் வைக்க வேண்டும். பிள்ளைகளுக்கு அது எவ்வளவு கடினம் என்று பெற்றோர் எண்ணிப் பார்க்கலாம். தெருவில் யாராவது உண்மைப் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பக் கூடாது.

எங்களோடு வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் இவ்விடத்தில் குறுக்கிட்டார். மறைக்கல்வி வகுப்பு எடுத்த பழக்கம் அவருக்கு. “சிஸ்டர், பொய்ச் சான்று சொல்லாதே என்பது கற்பனை ஆயிற்றே. ஆயரே பொய்ச் சான்று அச்சிடச் செய்தாரா?”

சிஸ்டர் சிறிது நேரம் அச்சு இயந்திரத்தைப் பார்த்தபடி நின்றார். “பிறனுக்கு எதிராகப் பொய்ச் சான்று சொல்லாதே என்பதுதான் அண்ணா முழு வாசகம். இவர்கள் பிறனுக்காகச் சொன்னார்கள். இது போதுமா என்று எனக்கும் தெரியாது. அந்த ஆயருக்குத் தெரிந்திருக்கும்” என்றார். ஆசிரியர் தலையை அசைத்துக்கொண்டார். ஒப்புக்கொண்டாரா, யோசித்தாரா என்று தெரியவில்லை.

அடைக்கலம் தேடி வந்தோரின் உண்மைக் காகிதங்களும், அவர்கள் வழிபாட்டில் பயன்படுத்தும் புனிதப் பொருள்களும் ஆயர் இல்லத்தின் நிலவறையில் மறைக்கப்பட்டன. கொத்தனாரை அழைத்தால் செய்தி வெளியே போகும். ஆகவே ஆயரே கரண்டி எடுத்துக் கல் அடுக்கிப் பூசினார். புருனாச்சி விளக்குப் பிடித்தார். இத்தனை புனிதர் வரலாறு படித்திருக்கிறோம். ஆயர் ஒருவர் அரைக்கை மடித்துவிட்டுச் சாந்து பூசும் காட்சி போல வேறொன்றும் எங்கள் மனத்தில் நிற்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர்களை மதம் மாற்ற எவரும் முயலவில்லை என்று புருனாச்சி அழுத்திச் சொல்லியிருக்கிறார். அக்டோபர் மாதம் யூதரின் பாவக்கழுவாய் நாள் வந்தது. உண்ணா நோன்பு முடிந்ததும் அவர்கள் உண்ண வேண்டிய விருந்தை மடத்துக் கன்னியர் சமைத்துப் பரிமாறினர். தங்களுடையதல்லாத நோன்புக்குத் தங்கள் அடுப்பை மூட்டிய அக்கன்னியரை நினைத்துப் பெரியம்மா, “என்ன சமைச்சிருப்பாங்க?” என்று கேட்டார். எங்களில் சிலர் சிரித்தோம். ஆனால் அது சிரிக்கத்தக்க கேள்வியன்று. அயலாரின் நோன்பில் எது கூடும், எது கூடாது என்று கேட்டறிந்த பிறகுதானே உலை வைக்க முடியும்!

இவ்வாறு காக்கப்பட்டோர் ஏறத்தாழ 300 பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் தொகை. குறைத்துச் சொல்வோரும் உண்டு. அசிசியில் அடைக்கலம் புகுந்த யூதருள் ஒருவர்கூட முகாமுக்குக் கொண்டுபோகப்படவில்லை என்று புருனாச்சி சாட்சி சொன்னார். அவரோ 1944 மே 15-ஆம் நாள் கைது செய்யப்பட்டார். அவரிடமிருந்து ஒரு பெயரும் வெளிவரவில்லை. ஜூன் 17-ஆம் நாள் நேச நாட்டுப் படைகள் ஊருக்குள் வந்தன. வீதியில் தங்கள் உண்மைப் பெயரைச் சொல்லிப் பலர் அன்று அழுதிருப்பர்.

அப்போதுதான் பெரியம்மா அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“இத்தனை பேர் வந்து தங்கினா ஊருக்குத் தெரியாமலா இருக்கும் சிஸ்டர்? ரொட்டி சுடுறவனுக்குத் தெரியாதா? துணி வெளுக்கிறவளுக்குத் தெரியாதா? ஒருத்தர்கூடவா வாய் திறக்கல?”

“எல்லாம் தெரிந்தவர் ஓரிருவர்தான் பெரியம்மா. ஒரு மடத்தில் நடப்பது அடுத்த மடத்துக்குத் தெரியாது. ஆனால் ஏதோ ஒன்று எல்லாருக்கும் தெரிந்திருக்கும். லெச்சே ஊர்க்காரி என்று சொல்லிக்கொள்கிறவளின் பேச்சு வடநாட்டுப் பேச்சாக இருந்தால், கடைக்காரருக்குப் புரியாதா? புரிந்தது, கேட்கவில்லை. அவ்வளவுதான்.”

பெரியம்மா அதன் பிறகு அன்று பகல் முழுவதும் பேசவில்லை. அவரை அறிந்த எங்களுக்கு அது புதுமையாயிருந்தது.

மாலையில் புனித கிளாரா கோயில் முற்றத்துக் கல் திண்டில் அமர்ந்திருந்தோம். கீழே உம்பிரியாச் சமவெளி நீலமாகிக்கொண்டிருந்தது. பெரியம்மா எங்களில் மூவரை அருகே அழைத்து, எங்கள் தெருவின் கடைசி வீட்டை நினைவிருக்கிறதா என்று கேட்டார். நினைவிருந்தது. அங்கே வாழ்ந்தவர் பெயரை இங்கே எழுதவில்லை.

ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அவ்வீட்டுத் தலைவருக்கு முதுகில் உணர்ச்சியற்ற தேமல் ஒன்று தோன்றியது. தொழுநோய் என்றார்கள். அக்காலத்திலேயே அதற்கு மாத்திரை உண்டு. அவர் மாதந்தோறும் வெளியூர் சென்று வாங்கி வந்து விழுங்கினார். கையும் காலும் நன்றாகவே இருந்தன; வேலைக்கும் போய்வந்தார். மனைவிக்கு மட்டும் தெரிந்த இரகசியம். பாரம் தாங்காமல் ஒரு நாள் கிணற்றடியில், அப்போதுதான் மணமாகி எங்கள் தெருவுக்கு வந்திருந்த பெரியம்மாவிடம் அவள் அழுதுவிட்டாள்.

“நான் ஒருத்தர்கிட்டதான் சொன்னேன்” என்றார் பெரியம்மா. “அதுவும், யார்கிட்டயும் சொல்லாதேன்னு சொல்லித்தான் சொன்னேன்.”

அதற்கடுத்த வாரத்தில் நடந்தவை எங்களுக்கே தெரியும். அப்போது நாங்கள் பள்ளிப் பிள்ளைகள். அவ்வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடக் கூடாதென்று வீட்டில் சொன்னார்கள், நாங்கள் விளையாடவில்லை. ஏன் என்று அந்தச் சிறுமி கேட்டபோது, காரணத்தையும் சொன்னோம். அது நாங்களாகவே சொன்னது. எவரும் சொல்லச் சொல்லவில்லை. கோயிலில் அவர்கள் அமரும் பாயில் பிறகு எவரும் அமரவில்லை. மூத்த பெண்ணுக்கு ஒப்பந்தமான திருமணம் நின்றது. பங்குச் சாமியார் இரண்டு ஞாயிறு பிரசங்கத்தில் கண்டித்தார். அதனால் தெரியாதிருந்த நாலு பேருக்கும் தெரிந்தது. ஒரு நாள் விடியற்காலையில் பார்த்தால் வீடு பூட்டிக் கிடந்தது. எங்கே போனார்கள் என்று யாரும் தேடவில்லை. தேடியிருந்தால் கிடைத்திருப்பார்கள்.

இதை எழுதலாமா என்று பெரியம்மாவையே கேட்டோம். “ஊர்ப் பேரை மட்டும் போடாதீங்க. என் பேரைப் போட்டாலும் பரவாயில்லை” என்றார். இரண்டையும் போடவில்லை.

பிரான்சிஸ் அசிசியார் தம் இறுதி ஏட்டைத் தொழுநோயாளரைக் குறிப்பிட்டே தொடங்குகிறார். அவர்களைக் காண்பதே தமக்குக் கசப்பாயிருந்ததென்றும், ஆண்டவர் தம்மை அவர்களிடையே அழைத்துச் சென்றபின் அக்கசப்பு இனிமையாயிற்று என்றும் அவர் சொல்லியிருப்பது பலரும் அறிந்தது. நாங்களும் அறிவோம். எங்கள் பங்கில் ஆண்டுதோறும் அக்டோபர் 4-ஆம் நாள் அவர் திருநாள் கொடியேற்றத்தோடு நடக்கிறது. அந்த ஆண்டும் நடந்தது.

அன்றிரவு விருந்தினர் இல்லத்தில் ஆசிரியர் வேறொரு பேச்சைத் தொடங்கினார். மனச்சுமையை மாற்ற நினைத்தார் போலும். இந்த அசிசிக் கதையில் பெரும் பங்கு யாருடையது என்பது அவர் கேள்வி. அவ்வூரிலும் இந்தப் பிணக்கு உண்டு. 1978-இல் அலெக்சாண்டர் இரமாத்தி என்பவர் எழுதிய நூலும், 1985-இல் அதைத் தழுவி வந்த திரைப்படமும் தந்தை ரூஃபினோவை நாயகராக்கின. புருனாச்சியோ அதை ஏற்கவில்லை. ஆயரே எல்லாவற்றுக்கும் தலை என்றார். மிதிவண்டி வீரர் ஜீனோ பர்த்தாலி ஃபிளாரன்சிலிருந்து பயிற்சிக்குப் போவது போல ஓட்டி வந்து, வண்டியின் குழாய்க்குள் காகிதங்களை மறைத்துக் கொண்டுபோனார் என்பதையும் பலர் சொல்வர். பிரான்சு நாட்டுப் பெரும்பந்தயத்தை 1938-இலும் 1948-இலும் வென்றவர் அவர். யூதரைக் காத்த நேர்மையாளருள் ஒருவராக இசுரேல் நாட்டு யாத் வஷேம் நிலையம் 2013-இல் அவரையும் அறிவித்தது. ஆனால் அந்தப் பயணங்களுக்குப் போதிய சான்று இல்லை என்று ஆய்வாளர் சிலர் பின்னர் எழுதினர். அவரோ 2000-இல் இறக்கும்வரை இதைப்பற்றி வெளியே பேச விரும்பாதவர். வாயை மூடிக்கொண்டு செய்த வேலைக்கு எழுத்துச் சான்று எங்கே கிடைக்கும்? இரகசியத்தை நன்றாகக் காத்தவர்களுக்கு நேரும் இடர் இது.

ஆயரும் தந்தை ரூஃபினோவும் புருனாச்சியும் 1970-களிலேயே அவ்வாறு பெருமைப்படுத்தப்பட்டனர். அச்சகத்துத் தந்தைக்கும் மகனுக்கும் 1997-இல்தான் அப்பெருமை வந்தது. அண்டை வீட்டாருக்கும் ரொட்டிக் கடைக்காரருக்கும் பட்டமில்லை. கேட்காமல் இருந்ததற்குப் பட்டம் தரும் வழக்கம் எங்கும் இல்லை.

செருமானியரின் ஊர்த் தளபதி வாலன்டின் முல்லர் ஒரு மருத்துவர், பவேரியா நாட்டுக் கத்தோலிக்கர், பூசைக்கு வருபவர். அசிசியைப் போர்ப்படை புகாத மருத்துவமனை நகராக வைத்திருக்க முயன்றவர் என்பதற்காக அவ்வூரார் இன்றும் அவரை நன்றியோடு நினைக்கின்றனர். மடங்களின் மதிலுக்குள் என்ன இருந்தது என்று அவருக்கும் ஒருவேளை புரிந்திருக்கலாம். அவரும் கேட்காதவருள் ஒருவரோ என்னவோ.

புறப்படும் நாள் காலையில் சான் தமியானோவுக்கு இறங்கிச் சென்றோம். மதில் வாயிலைத் தாண்டியதும் பாதை ஒலிவ மரங்களின் ஊடே சரிகிறது. பெரியம்மாவுக்கு முழங்கால் வலி. இருவர் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டோம். வழியில் சிஸ்டர் ஒரு செய்தி சொன்னார். அடைக்கலம் புகுந்தோருள் நோயுற்று அவ்வூரிலேயே இறந்தவள் ஒருத்தி. அவள் உண்மைப் பெயரில் அடக்கம் செய்ய முடியவில்லை. பொய்ப் பெயரோடு, கிறிஸ்தவப் பெண்ணைப் போலவே கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். போர் முடிந்தபின் கல்லில் அவளுடைய சொந்தப் பெயர் பொறிக்கப்பட்டது என்றார். பெரியம்மா நடையை நிறுத்தி, அதை மறுபடியும் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

சான் தமியானோ மிகச் சிறிய கோயில். புகை படிந்த தாழ்ந்த கூரை. பூசைக் கருத்து எழுதிக்கொள்ளும் சகோதரர் ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு அமர்ந்திருந்தார். எங்களில் ஒவ்வொருவரும் வீட்டாரின் பெயர்களை எழுதுவித்தோம், சிஸ்டர் மொழிபெயர்த்தார். பெரியம்மா கடைசியில் வந்து, ஒரு குடும்பத்துக்காக என்றார்.

சகோதரர் பேனாவை வைத்துக்கொண்டு, பெயர் என்ன என்று கேட்டார்.

பெரியம்மா எங்களைப் பார்த்தார். எங்களில் வயதான எட்டுப் பேருக்கும் அப்பெயர் தெரியும். இளையவர் ஒருவருக்கும் தெரியாது. யார், யார் என்ற கேள்வி அவர்கள் முகத்தில் நின்றது. எவரும் வாய் திறக்கவில்லை. சற்றுப் பொறுத்து, “பேரு அவருக்குத் தெரியும்” என்று பெரியம்மா பீடத்தின் பக்கம் கையைக் காட்டினார். சிஸ்டர் அதை அப்படியே மொழிபெயர்த்தார். சகோதரர் தலையசைத்துவிட்டு நோட்டில் ஒரு வரியைக் காலியாக விட்டார்.

மேலே பேருந்து ஒலி எழுப்பிக்கொண்டிருந்தது. உரோமைக்குத் திரும்பும் வழியெல்லாம் செபமாலைக்கும் செபமாலைக்கும் இடையே வழக்கம் போலப் பேச்சு நடந்தது. துபாயிலிருந்து ஏன் திரும்பினான் என்ற பேச்சை மட்டும், விட்ட இடத்திலிருந்து எவரும் தொடங்கவில்லை.